கால் நோ என்று சொன்ன பொய்

2017ஆம் ஆண்டு ஆவணி மாதம் எனக்கு அக்காவின் சிறுநீரகம் ஒன்று பொருத்தப்பட்டது. கொழும்பில்தான் சத்திரசிகிச்சை. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டரை வருடமாக வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கிடந்தவள் நான். குடிக்கிற தண்ணீரையும் போத்தலில் அளந்துதான் குடித்தேன். அந்தப் பையைப் பார்த்து நான் ஏன் அழுதேன் என்பது இந்த வருத்தம் பட்டவர்களுக்கு விளங்கும். அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தியை அடுத்த பொங்கலோடு நிறைவேற்றினார். "இனி உனக்கு ஒரு குறையும் இல்லை" என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

சிறுநீரகம் வேலை செய்தது. இன்றும் செய்கிறது. ஆனால் என் எலும்புகளும் ஓமோன்களும் அதோடு சேர்ந்து சுகப்படவில்லை. அதை நான் அறிந்துகொள்ள இரண்டு வருடம் சென்றது. அதில் பல மாதங்கள் என்னுடைய வெட்கத்தாலேயே வீணாகின. அதை மறைக்காமல் எழுதினால் என்னைப்போன்ற வேறு சகோதரிகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சிறுநீரகம் கழிவை அகற்றும் உறுப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு வேறு வேலைகளும் உண்டு. வெயிலாலும் சாப்பாட்டாலும் கிடைக்கும் விற்றமின் டி, முதலில் ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்த பிறகுதான் உடம்புக்கு முழுதாகப் பயன்படும். சிறுநீரகம் பழுதானால் அந்த மாற்றம் குறைந்துவிடும். அப்போது சாப்பாட்டில் உள்ள கல்சியத்தைக் குடலால் சரியாக உறிஞ்ச முடியாது. பொஸ்பரஸ் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். எங்கள் கழுத்தில், தைரொயிட் சுரப்பிக்குப் பின்னால், பரா தைரொயிட் என்று நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அரிசி மணியை விடச் சற்றுப் பெரியவை. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் அவை தங்கள் ஓமோனைக் கூட்டிச் சுரந்து, எலும்பில் உள்ள கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். வீட்டில் அரிசிக்குக் காசில்லாதபோது காப்பைக் கழற்றி அடகு வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அதைச் செய்யாதவர்கள் எங்களில் யார்? ஒரு தடவை வைத்ததை மீட்கலாம். வருடக்கணக்காக வைத்துக்கொண்டே போனால் பெட்டிக்குள் ஒன்றும் மிஞ்சாது.

என்னுடைய பரா தைரொயிட் சுரப்பிகள் இரண்டரை வருடம் இப்படியே பழகி, பருத்தும் போய்விட்டன. புதுச் சிறுநீரகம் வந்த பிறகும் அவை நிறுத்தவில்லை. பலருக்கு ஒரு வருடத்துக்குள் இது மெல்ல மெல்லக் குறையுமாம். குறையாதவர்களுக்கு மருந்து கொடுப்பார்கள், அல்லது கழுத்தில் சத்திரசிகிச்சை செய்து சுரப்பிகளை அகற்றுவார்கள். இதைத் தெரியாமல் நான் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ரீச்சரக்கா "எலும்புக்கு நல்லது" என்று கல்சியக் குளிசைப் போத்தல் ஒன்று வாங்கித் தந்தார். அன்பாகத் தந்ததுதான். தினமும் இரண்டு போட்டேன். மலச்சிக்கலும் தாகமுமாக இருந்தது. கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது கல்சியம் அளவுக்கு மேலே நின்றது. சுரப்பிகள் ஏற்கெனவே எலும்பிலிருந்து கல்சியத்தை இரத்தத்துக்குள் கொட்டிக்கொண்டிருக்க, நானும் மேலே இருந்து ஊற்றியிருக்கிறேன். டொக்டர் போத்தலை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். கல்சியம் சிலருக்குத் தேவை, சிலருக்குக் கூடாது. இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

ஓமோன் என்றதும் பெண்களுக்கு முதலில் நினைவு வருவது மாதவிடாய். சுத்திகரிப்புக் காலத்தில் எனக்கு அது நின்றுபோயிருந்தது. அப்போது வயது 32. நான் அதை ஒரு இழப்பாக நினைக்கவில்லை. வாழ்க்கையில் அதைவிடப் பெரிய இழப்புகள் இருந்தன. என் கணவர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறியபோது எங்களைப் பிரிந்தவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்து நான்காவது மாதம் அது திரும்பி வந்தது. அக்கா சிரித்துக்கொண்டு, "இனி உனக்கு ரெண்டாந்தரம் சாமத்திய வீடு செய்யவேணும்" என்றார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது உண்மை.

அடுத்த கிளினிக்கில் தாதி ஒருவர், "குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன பாவிக்கிறீங்கள்?" என்று கேட்டார். வாங்கில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்டது. "எனக்குத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் எனக்கு வேறு என்ன சொல்ல நினைத்தார் என்பதை, என்னோடு ஒரே வார்டில் இருந்த மன்னார்ப் பிள்ளையிடம் இருந்துதான் பிறகு அறிந்தேன்.

அந்தப் பிள்ளைக்கு அவவின் தாய் சிறுநீரகம் கொடுத்தவர். மூன்று வருடம் மாதவிடாய் வராதபடியால் தனக்கு இனிப் பிள்ளை தங்காது என்று அவவும் கணவரும் நினைத்திருந்தார்கள். ஆனால் புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கினால் சில மாதங்களிலேயே சூலகம் தன் வேலையைத் தொடங்கிவிடும். முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னமே சூல் முட்டை வெளியாகலாம். அவவுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த நேரம் மைக்கோபீனோலேற் என்ற குளிசை குடித்துக்கொண்டிருந்தார். உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருப்பதற்காக எங்களில் பெரும்பாலானோருக்குத் தருகிற குளிசை அது. கருவில் உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. கருச்சிதைவு ஏற்படலாம், பிள்ளையின் காது, உதடு போன்றவை குறைபாட்டோடு உருவாகலாம். மூன்றாம் மாதம் அந்தக் கரு கலைந்துவிட்டது. வைத்தியர்கள் அவவுக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தியது அதன் பிறகுதான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் பொறுக்க வேண்டும். சிறுநீரகமும் பிறஷரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். கரு உண்டாவதற்கு ஆறு கிழமைக்கு முன்பாவது மைக்கோபீனோலேற்றை நிறுத்தி வேறு குளிசைக்கு மாற வேண்டும். இதெல்லாம் டொக்டர் பார்த்துச் செய்ய வேண்டியது, தாங்களாக நிறுத்தக் கூடாது. அவவுக்கு 2021இல் பெண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, மற்றப்படி நல்ல சுகம். போட்டோ அனுப்பியிருந்தார்.

குடும்பக் கட்டுப்பாட்டு முறை தெரிவதிலும் ஒரு விடயம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது. எங்கள் பக்கத்தில் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போடலாம் என்பதற்காக. எலும்பு மெலிந்தவர்கள் தங்களுக்கு எது பொருத்தம் என்று கேட்டே போட வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2018 மாரி காலத்தில் எனக்கு இடது தொடை இடுக்கில் ஒரு நோவு தொடங்கியது. நடக்கும்போது உள்ளுக்குள் ஏதோ குத்துவது போல. பாயில் இருந்து எழும்பும்போதும், சைக்கிளில் காலைத் தூக்கிப் போடும்போதும் உயிர் போகும். என் இடது இடுப்பின் பின்பக்கத்தில் 2009இல் பட்ட செல் துண்டுகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. "அது அந்தப் பழைய காயம், குளிருக்கு நோகும்" என்று அம்மா சொன்னார். ஊரில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். எங்களுக்கு உடம்பில் எது நோந்தாலும் போரின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடுகிற பழக்கம் வந்துவிட்டது.

கிளினிக்கில் கேட்டார்கள். டொக்டர் ஆண், சிங்களத்தில் பேசுபவர். இடையில் நின்று மொழிபெயர்த்தவரும் ஒரு பொடியன், என் மகளின் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவனாக இருப்பான் போலத் தெரிந்தது. அவனிடம் அந்த இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது? "கால் நோகுது" என்று சொல்லி முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. பனடோல் தந்து அனுப்பினார்கள். அதற்கடுத்த மாதமும் அதே பொய், அதே பனடோல்.

தாங்க முடியாமல் ஒருநாள் ரவுணில் உள்ள பாமசியில் போய்க் கேட்டேன். டைக்குளோபெனாக் தந்தார்கள். எனக்கு வேறு என்ன வருத்தம் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே நோவு அடங்கியது. மகளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன். இடியப்பம் அவித்து விற்றேன். பதினொரு நாள் குடித்தேன். அடுத்த கிளினிக்கில் கிரியற்றினின் 1.1இல் இருந்து 1.9க்கு ஏறியிருந்தது.

டொக்டரின் முகம் மாறியது. "வேறு ஏதும் மருந்து குடிச்சனீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நாட்டு மருந்து? இல்லை. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கைப்பையைத் திறந்து, பாதி முடிந்த குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "இவளுக்கு நோகிறது கால் இல்லை. கவட்டுக்குள்ள நோகுது. இருந்தா எழும்பேலாமல் கிடக்கிறாள். வெக்கத்தில சொல்றாள் இல்லை. அந்தப் பொடியனுக்கு விளங்கப்படுத்திச் சொல்லச் சொல்லுங்கோ" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு நிலம் வெடித்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலு மணித்தியாலம் அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. வவுனியாவில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பேசினார். "நான் தந்தது நீ நடந்து திரிய எண்டுதான். ஒளிச்சு ஒளிச்சு அதைப் பழுதாக்க இல்லை." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சிறுநீரகம் தந்தவளிடம் இன்னொரு குறையைச் சொல்வது நன்றிகெட்ட வேலை என்று நான் நினைத்திருந்தேன். மறைத்த குளிசைதான் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுக்கப் பார்த்தது. டைக்குளோபெனாக், இபுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. நாங்கள் குடிக்கும் ரக்ரோலிமஸ் குளிசையோடு சேர்ந்தால் பாதிப்பு இன்னும் கூடும். நிறுத்திய பிறகு கிரியற்றினின் 1.3 வரை இறங்கியது. பழைய 1.1க்கு இன்றுவரை வரவில்லை.

பிறகு இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இந்த நோயின் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கானில்தான் நன்றாகத் தெரியும் என்றார்கள். அங்கே ஒரு போம் நிரப்ப வேண்டும். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. பேஸ்மேக்கர், கம்பி, பிளேற் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் செல் துண்டைப் பற்றிச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உடம்பில் உள்ள இரும்பை அது இழுத்து அசைக்கலாம், சூடாக்கலாம். துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தியர்கள்தான் முடிவு எடுக்க வேண்டும். எனக்கு அதை விட்டுவிட்டு சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். செல் துண்டோடு வாழ்கிற எங்களில் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஸ்கான் என்று சொன்ன உடனே, அவர்கள் கேட்காவிட்டாலும் நாங்கள் சொல்லிவிட வேண்டும்.

இடது தொடை எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, அந்த எலும்பு செத்துக்கொண்டு வந்தது. செல் துண்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்றார்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையால் வருவது இது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல்களில் ஒன்று. எனக்கு மூன்றாம் மாதம் உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கியபோது மூன்று நாள் பெரிய அளவில் ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். அது போடாவிட்டால் சிறுநீரகம் போயிருக்கும். அதே ஸ்டீரொயிட் எலும்பு உருவாவதையும் குறைக்கும். முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில்தான் எலும்பு அதிகம் மெலியுமாம். முகம் பூரித்து, வயிறு வைத்து, இரத்தத்தில் சீனி ஏறி, அத்தனையும் அதே குளிசையின் வேலை. கோயிலில் கண்டவர்கள் "நல்லாக் கொழுத்திட்டாய்" என்றபோது நான் சிரித்துச் சமாளித்திருக்கிறேன்.

கேட்டுவிட்டு வந்த அன்று அந்தக் குளிசையைக் கிணற்றுக்குள் எறிய வேண்டும் போல இருந்தது. நல்ல காலம் எறியவில்லை. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் இயற்கையாகவே இந்த வகை ஓமோனைச் சுரப்பவை. நீண்ட நாள் குளிசை குடித்தால் அவை வேலையை விட்டுவிட்டு உறங்கிவிடும். திடீரென்று குளிசையை நிறுத்தினால் உடம்பில் அந்த ஓமோனே இல்லாமல் போய் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, காய்ச்சல் என்று குளிசை வயிற்றில் தங்காத நாளிலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கானும் எடுத்தார்கள். அதிலும் செல் துண்டு தன் வேலையைக் காட்டியது. உலோகத்தையும் எலும்பாகக் கணக்கெடுத்து, என் இடது இடுப்பு மிகப் பலமாக இருப்பதாக இயந்திரம் சொன்னது. ஸ்கான் எடுத்த பெண் பிள்ளை கெட்டிக்காரி. படத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, வலது இடுப்பையும் முன்கையையும் அளந்தார். அங்கே எலும்பு மெலிந்திருந்தது. விற்றமின் டியும் குறைவு. வன்னி வெயிலில் இருப்பவளுக்கு விற்றமின் டி குறைவா என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் நாங்கள் குடிக்கும் குளிசைகள் தோல் புற்றுநோய்க்கு இடம் கொடுப்பதால் வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் நீளக் கைச் சட்டையும் குடையுமாகத்தான் திரிந்தேன். விற்றமின் டி மருந்து தந்தார்கள்.

இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு 2022இல் நாள் தந்திருந்தார்கள். அந்த வருடம் நாட்டில் மருந்தும் இல்லை, பெற்றோலும் இல்லை. நாள் தள்ளிப் போய் 2023இல்தான் செய்தார்கள். நான் நடக்கிறேன், தூரம் என்றால் ஊன்றுகோலோடு. குந்தி இருக்கக் கூடாது, பாயில் இருக்கக் கூடாது. சுவிஸில் இருக்கும் மச்சாள் அனுப்பிய காசில் கொமட் வைத்தோம். இடியப்பம் அவிக்கிற அடுப்பை மேசை உயரத்துக்குக் கட்டினோம். இதற்கெல்லாம் முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த அன்றிரவு மலசலகூடத்துக்குப் போக நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

2024இல் மாதவிடாய் மறுபடி நின்றது. வயது 41. தொல்லை விட்டது என்று ஆறு மாதம் பேசாமல் இருந்தேன். பழைய பழக்கம். பிறகு எனக்கே யோசனை வந்து, பெண் டொக்டர் ஒருவரிடம் சொன்னேன். 45க்கு முன் நிற்பது முந்திய நிற்றல் என்றும், சிறுநீரகம் பழுதான பெண்களுக்கு இது வருவதுண்டு என்றும் சொன்னார். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரஜன் ஓமோன் அதோடு குறைகிறது. ஸ்டீரொயிட்டும் இதுவும் சேர்ந்தால் எலும்புக்கு இரட்டை அடி. கல்சியம், விற்றமின் டி, பரா தைரொயிட் ஓமோன், கிரியற்றினின் எல்லாம் பார்த்த பிறகுதான் அலென்ட்ரோனேற் என்ற குளிசை தந்தார். சிறுநீரகம் அதிகம் பலவீனமானவர்களுக்கும் பிள்ளை பெற இருப்பவர்களுக்கும் அதை யோசித்தே கொடுப்பார்களாம். கிழமைக்கு ஒரு நாள், விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அரை மணித்தியாலம் வாசலில் கதிரை போட்டு இருக்கிறேன். தேத்தண்ணியும் அதற்குப் பிறகுதான்.

இப்போது என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எங்கே நோகிறது, எப்போது நோகிறது, கடைசி மாதவிடாய் எப்போது, வேறு என்ன குளிசை குடித்தேன் என்று எழுதி வைப்பேன். மகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவள். நான் எழுதியதற்குப் பக்கத்தில் அவள் சிங்களத்தில் எழுதித் தருவாள். "தொடை இடுக்கு" என்பதற்கு என்ன சொல் என்று தன் ரீச்சரிடம் கேட்டு வந்து எழுதினாள். அவளுக்கு வெட்கம் இருக்கவில்லை. டொக்டரிடம் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன், அவர் வாசித்துவிட்டுக் கேட்பார்.

கொப்பியின் கடைசிப் பக்கம் அக்காவுக்கு. சிறுநீரகம் கொடுத்தவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை பிறஷர், சிறுநீர், கிரியற்றினின் சோதிக்க வேண்டும். அக்கா மூன்று வருடமாகப் போகவில்லை. "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்பார். போன கிழமை எங்கள் வீட்டுப் படியால் இறங்கும்போது அவர் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன்.

"எங்க நோகுது அக்கா?"

"கால்" என்றார்.

கொப்பியை எடுத்து வரச்சொல்லி மகளைக் கூப்பிட்டேன்.